பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். என் சித்தி கொடுத்துத்தான் உங்கள் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தியவர் என்று அவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 561 எடுத்திருக்கிறேன். கணிதத்தில் 98. கவுன்சலிங்கில் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் பாஸ் ஆனால் போதும் என்று முக்கியமான கணக்குகளை மட்டும் போட்டுவிட்டு, தீபாவளி முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாக் கணக்கையும் பலமுறை போட்டுப் பார்க்க முடிந்தது. வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பா ஒரு கோடிங் வகுப்பில் சேர்த்துவிடப் பார்க்கிறார். லேப்டாப் என்ன வாங்கலாம்? விடுதியில் தங்கலாமா, கல்லூரிப் பேருந்தில் போய் வரலாமா? ஆங்கில வழியில் படித்திருந்தும் எனக்குப் பேச வராது. ராகிங் இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் முன் நான் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ச.,
தருமபுரி மாவட்டம்

*

அன்புள்ள ச.,

வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறாய். நன்றாக இரு. நீ கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் மற்றவற்றை முடித்துவிடுகிறேன்.

லேப்டாப்பை இப்போது வாங்காதே. கல்லூரியில் லேப் இருக்கிறது. ஒரு மாதம் போன பிறகு உன் துறை சீனியர்களிடம் கேட்டு வாங்கு. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அப்பா கடன் வாங்க வேண்டாம். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்றால் யோசிக்காமல் விடுதி. களைத்துப்போய் வீட்டுக்கு வரும் பிள்ளை எங்கே படிக்கும்? ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண் நாடு முழுவதற்குமானது. அதைக் குறித்து வைத்துக்கொள். எவனாவது வம்பு செய்தால் முதல் நாளே சொல்லிவிடு, பொறுத்துப் போகாதே. ஆங்கிலம் பேசப் பேச வரும். உன் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பயம் இருக்கும், ஆசிரியர்களும் பாதிப் பாடத்தைத் தமிழில்தான் நடத்துவார்கள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கும் யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியும் அதுதான். மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் போகும் முன்பே நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். இவ்வளவு போதும்.

இப்போது அந்த வரி. தீபாவளி முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏதோ உனக்கு நல்லது செய்தது போல, நன்றியோடு எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல் இல்லை கண்ணு.

முன்பெல்லாம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்து வந்ததும் நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து இரண்டு வருடமும் அதையே உருப்போட வைப்பார்கள். இதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. ஆனால் அதே ஆண்டிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று முடிவாகிவிட்டது. பொறியியல் கட் ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தவை. அப்புறம் பள்ளிகள் என்ன செய்யும்? உன் பள்ளி செய்ததைத்தான் செய்யும். பாஸ் ஆகிற அளவுக்கு நடத்திவிட்டு அடுத்த புத்தகத்துக்குத் தாவும். 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தப் பொதுத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பாரம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பரீட்சை இருந்தபோதே தீபாவளியோடு பதினொன்றாம் வகுப்பை மூட்டை கட்டிய பள்ளிகள் இனி ஆயுதபூஜை வரைக்குமாவது அதை நடத்துமா? அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இதே யோசனைதான். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று உன் அப்பா கேட்கலாம். 98 வாங்கிவிட்டாள், சீட்டும் கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன? அவருக்காக ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மொத்தம் 1200 ஆக இருந்த காலம். இடைப்பாடிப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து வந்தவன். கணிதத்தில் 200-க்கு 200. முதல் செமஸ்டரில், பாடத்தைத் தொடங்கும் முன் வகுப்பின் கை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பலகையில் எக்ஸ் ஸ்கொயர் சைன் எக்ஸ் என்று எழுதி, வகைக்கெழு கண்டுபிடி என்று அவனைக் கூப்பிட்டேன். சாக்பீஸை வாங்கிக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, "மேடம், இது எந்த எக்சர்சைஸ்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எக்சர்சைஸ் எண்ணைச் சொன்னால் அதில் எத்தனையாவது கணக்கு, விடை எத்தனை வரியில் வரும் என்பதுவரை அவனுக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு கணக்கையும் கை வலிக்க வலிக்க எழுதிப் பார்த்தவன். புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை ஆ-வா இ-யா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அத்தனை உழைப்பும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. எக்ஸ் ஸ்கொயர், சைன் எக்ஸ் போல இரண்டு சார்புகளைப் பெருக்கினால் எப்படி வகையிட வேண்டும் என்பது பதினொன்றாம் வகுப்புப் பாடம். அவன் பள்ளியில் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

முதல் இன்டர்னல் தேர்வில் 50-க்கு 9 வாங்கினான். அதற்குப் பிறகு என் வகுப்புக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கடைசி பெஞ்ச். செமஸ்டர் முடிவு வந்தபோது எம்-ஒன் என்கிற முதல் கணிதத் தாளில் தேறாமல் அரியர். பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைகளுக்கு முதல் அரியர் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். சரியாகச் சாப்பிட மாட்டார்கள், வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், நமக்கு மூளையே இல்லை என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. பள்ளி சொல்லித் தராததற்குப் பிள்ளை தன்னையே மட்டம் என்று நினைக்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அப்பா வந்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பள்ளி வாசலில் கட்டிய ப்ளெக்ஸ். அதில் பையன் மாலையோடு நிற்கிறான், பக்கத்தில் தாளாளர். "இவன்தானுங்களே மேடம்?" என்று கேட்டார். கல்லூரி வேறு யாருடைய மதிப்பெண்ணையோ எடுத்துக் காட்டுகிறது என்று அவர் உண்மையாகவே நினைத்தார். ப்ளெக்ஸ் கட்டிய பள்ளியில் ஒருவருக்கும் அந்தக் கேள்வியைச் சந்திக்க வேண்டிய அவசியம் வரவில்லை. நான் சந்தித்தேன்.

மறுநாள் பையனைப் பிடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வா என்றேன். புத்தகம் புதுசாகவே இருந்ததால் நல்ல விலைக்குப் போனதாம், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டான். என்னிடம் இருந்த பிரதியை வைத்துத் தொடங்கினோம். சூத்திரம் ஒன்றையும் சொல்லித் தரவில்லை. இதைத்தான் செய்யச் சொன்னேன், நீயும் இப்போது ஒரு தாளை எடுத்துச் செய்து பார்.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கு. 3 என்றால் 9. இப்போது 3-ஐக் கொஞ்சம் நகர்த்தி 3.1 ஆக்கு. 9.61 வரும். 0.1 நகர்ந்ததற்கு விடை 0.61 ஏறியிருக்கிறது. ஏறியதை நகர்ந்ததால் வகுத்தால் 6.1. இன்னும் குறைவாக நகர்த்து. 3.01 என்றால் 9.0601. ஏறியது 0.0601, நகர்ந்தது 0.01, வகுத்தால் 6.01. இன்னும் குறைத்து 3.001 என்றால் 6.001 வரும். எங்கே போய்ச் சேரப் பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா? 6. மூன்றின் இரண்டு மடங்கு. நாலில் இதையே செய்தால் 8, ஐந்தில் 10. எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழு டூ எக்ஸ் என்று நீ எழுதிக்கொண்டிருந்தாயே, அது இதுதான்.

அவன் அந்த எண்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதைத்தான் மேடம் இத்தனை நாளா எழுதிட்டிருந்தமா?" என்றான். கோபமாகக் கேட்டான். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அடுத்த செமஸ்டர் தேர்வில் அரியரை எழுதி முடித்தான். மூன்றாவது வருடத்தில் ஜூனியர் பையன்களை விடுதி வராண்டாவில் உட்கார வைத்து அவனே கணக்குச் சொல்லிக் கொடுத்தான்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுவதில்லை. நீங்கள் 60 பேர் உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க நேரம் இருக்காது. இதெல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள் என்று முதல் வாரமே சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். பாடத்திட்டம் மாறும்போது தாளின் பெயரும் வரிசையும் மாறலாம். அணிகளும் நுண்கணிதமும் முதல் வருடத்தில் தப்பாமல் வரும்.

உன் அப்பாவிடம் இதைக் காட்டு. ஐயா, மகளைப் படிக்க வைக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் கோடிங் வகுப்புக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை வங்கியிலேயே வைத்திருங்கள். கோடிங்கைக் கல்லூரியில் முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தை எந்தக் கல்லூரியும் முதலிலிருந்து சொல்லித் தராது. உறவுக்காரர் ஒருவர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்திருக்கிறது என்பதற்காக எல்லாம் மகளின் இந்த ஒரு மாதத்தைச் செலவழிக்காதீர்கள். இது மறுபடி கிடைக்காது.

ச., நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் கவலைப்படாதே. பாடநூல் கழகத்தின் புத்தகம் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே கிடைக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கணிதம், இரண்டாம் தொகுதி. அணிகளும் அணிக்கோவைகளும் முதல் பாடம், அதில் தொடங்கு. வெக்டரை வேகமாகப் பார்த்துக்கொண்டு போ. எல்லைகள் வந்ததும் நில். அந்தப் பாடத்தையும் அடுத்த வகையிடல் பாடத்தையும் அவசரப்படாமல் செய். முக்கோணவியலில் தடுக்கினால் மட்டும் முதல் தொகுதிக்குத் திரும்பு. அதற்குப் பிறகு தொகை நுண்கணிதம். நிகழ்தகவை இப்போதைக்கு விட்டுவிடு.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். விடை சரியாக வந்துவிட்டதே என்று அடுத்த கணக்குக்குப் போகாதே. ஏன் அப்படி வந்தது என்று உன் தம்பிக்கோ சித்திக்கோ வாய்விட்டுச் சொல்லிப் பார். சொல்ல வரவில்லை என்றால் அந்தக் கணக்கு உனக்குத் தெரியாது, 98 வாங்கியிருந்தாலும்.

எல்லைகள் பாடத்தில் உனக்கு நிச்சயம் சந்தேகம் வரும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பது போல ஓர் இடம் வந்து குழப்பும். பக்க எண்ணைக் குறித்து, நீ போட்ட வழியையும் தாளோடு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பு. உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன். உன்னோடு படித்த பிள்ளைகள் யாராவது பொறியியலில் சேர்ந்திருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்