மருந்தடிக்கும் ட்ரோனின் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகலாமா?

வணக்கம் நண்பரே. மன்னார்குடியில் சம்பா வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனையும் படம் எடுக்கும் சின்ன ட்ரோனையும் திருச்சியிலிருந்து விமானத்தில் ஹைதராபாத் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பெரியது. உங்கள் பேட்டரி 22.2 வோல்ட், 16,000 மில்லி ஆம்பியர்-அவர், அதாவது 16 ஆம்பியர்-அவர் என்கிறீர்கள். 16-ஐ 22.2-ஆல் பெருக்கினால் 355 வாட்-அவர்; பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு இது. பயணிகள் விமானத்தில் 160-ஐத் தாண்டிய லித்தியம் பேட்டரிக்குக் கேபினிலும் இடமில்லை, செக்-இன் பெட்டியிலும் இடமில்லை. கெஞ்சிக் கேட்டும் பயனில்லை, தயவுசெய்து முயலவே வேண்டாம். ஹைதராபாத்தில் உங்களைக் கூப்பிட்டவர்களிடம் அதே வகை பேட்டரியை அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வாடகை கொடுத்தாலும் பரவாயில்லை.

சின்ன ட்ரோனுக்குக் கவலை இல்லை. டிஜேஐ மினி 3-இன் சாதாரண பேட்டரி 18.1 வாட்-அவர்தான், 100 வரை தனி அனுமதி தேவையில்லை. ஆனால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். சரக்கு அறையில் ஒன்று புகைந்தால் யார் பார்ப்பது? கேபினில் என்றால் பணியாளர்கள் உடனே தீயணைப்பானால் அணைத்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள். உப்பியிருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், ட்ரோன் உடலைக் கேபினில் விடுவார்களா என்பதை உங்கள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருங்கள். இடமில்லை என்று வாசலில் கைப்பையை வாங்கிக்கொண்டால், பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டுக் கொடுங்கள்.