அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) பயணம்: வாசகர் கேள்விகள்

கே: மியாமியிலிருந்து மெய்ன் வரை பத்து நாளில் போய்த் திரும்ப முடியுமா?

ப: முடியும். ஐ-95 நெடுஞ்சாலை வழியாக ஒரு வழிக்கே ஏறக்குறைய 1,900 மைல். நெடுஞ்சாலையையும் பெட்ரோல் பங்க்கையும் மட்டும் பார்க்கச் சம்மதமென்றால் கிளம்புங்கள். நாளுக்கு 200 மைல்தான் என் கணக்கு. பாதிக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: செப்டம்பரில் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளுக்குப் போகலாமா?

ப: ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், செப்டம்பர் நடுவில்தான் உச்சம். அங்குள்ள ஹாட்டெரஸ் தீவுக்குச் சாலை என்று இருப்பது என்.சி. 12 ஒன்றுதான். கடல் ஏறினால் அதையும் மணல் மூடிவிடும். செப்டம்பரை மெய்னில் கழித்துவிட்டு, குளிர் துரத்தத் துரத்தத் தெற்கே இறங்குங்கள்.

கே: 25 அடி ஆர்.வி. எடுத்திருக்கிறோம். பாஸ்டனுக்குள் கைப்பேசி வரைபடத்தை நம்பிப் போகலாமா?

ப: நீளத்தை எழுதியிருக்கிறீர்கள். உயரம் எங்கே? பத்துக் கடிதம் வந்தால் ஒன்பதில் இதே கதை. பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவில் பாலங்களுக்கு அடியில் சுமார் 10 அடிதான் இடைவெளி. உங்கள் வண்டி கூரை ஏசியோடு சேர்த்து 11, 12 அடி இருக்கும். ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் வீடு மாறும் மாணவர்களின் வாடகை லாரிகள் அங்கே சிக்கிக் கூரை உரிந்து நிற்கும். அதற்கென்று ஊர்க்காரர்கள் ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். நியூயார்க் பக்கம் ‘பார்க்வே’ என்று பெயர் கொண்ட சாலையைக் கண்டாலே ஒதுங்குங்கள், அங்கும் பாலங்கள் தாழ்வு. காருக்கான வரைபடம் இதையெல்லாம் சொல்லாது. பல வாடகை ஒப்பந்தங்களில் கூரைச் சேதத்துக்குக் காப்பீடும் கிடையாது. நானும் ஒருமுறை கூரை ஏசியின் மூடியை ஒரு பாலத்துக்குத் தானம் செய்தவன்தான். அன்று முதல் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு துண்டுக் காகித டேப்: ‘11 அடி 8 அங்குலம்’. அளந்து, எழுதி, ஒட்டுங்கள். பிறகு சாவியைத் தொடுங்கள்.

கே: பால்டிமோர் சுரங்கப்பாதையில் கேஸ் சிலிண்டரோடு போகலாமா?

ப: ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுதான் வரம்பு, உங்கள் புரோப்பேன் தொட்டி அதைத் தாண்டும். ஐ-695 சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகப் போங்கள். அதே சாலையின் கிழக்குப் பக்கத்தில் இருந்த ‘கீ’ பாலம் 2024 மார்ச்சில் இடிந்தது; பழைய வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

கே: அசடீக் தீவின் குதிரைகளுக்குக் குழந்தைகள் கேரட் கொடுக்கலாமா?

ப: கூடாது. காட்டுக் குதிரை கடிக்கும், உதைக்கும்.

கே: மெய்னிலுள்ள அகேடியா தேசியப் பூங்காவின் பிளாக்வுட்ஸ் முகாமில் வண்டிக்கு 30 ஆம்ப் மின் இணைப்பா, 50 ஆம்ப்பா?

ப: இரண்டும் இல்லை. முன்பதிவுப் பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கேடிலாக் மலைச் சாலையிலும் ஆர்.வி.க்கு அனுமதி இல்லை. பூங்காவுக்குள்ளும் தாழ்ந்த பாலங்கள் உண்டு. உயரம், உயரம்!

கே: இந்த டிசம்பருக்கு ஃபுளோரிடாவின் பஹியா ஹோண்டா மாநிலப் பூங்கா முகாமில் இடம் கிடைக்குமா?

ப: வெளி மாநிலத்தவருக்கு 10 மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டிய கடிதம்.