மருத்துவத் தொடர்களில் சில பாகங்கள் மட்டும் மறப்பதே இல்லையே, இசைதான் காரணமா?

பெரும்பாலும் இசைதான். 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கிரேஸ் அனாடமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் அம்மாவும் விரும்பிப் பார்க்கும் தொடர் அது. பாகங்களுக்குப் பெரும்பாலும் பாட்டுகளின் தலைப்பையே சூட்டுவார்கள்.

2006இல் வந்த இரண்டாம் பருவத்தின் இறுதியைப் பாருங்கள். இதய நோயாளி டென்னி இறந்துவிட்டான். விருந்து உடையில் வந்த அவன் காதலி, மருத்துவர் இஸ்ஸி, அவன் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். நண்பர்கள் எவ்வளவு சொல்லியும் எழவில்லை. கடைசியில் சக மருத்துவன் அலெக்ஸ்தான் அவளைத் தூக்கி மடியில் இருத்திக்கொள்கிறான். பின்னணியில் ஒலிப்பது ஸ்னோ பேட்ரோல் குழுவின் ‘சேஸிங் கார்ஸ்’. இருவர் அருகருகே படுத்து உலகை மறப்பதைப் பாடும் காதல் பாட்டு அது! ஒப்பாரி வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதே பாட்டை 2011இல் வந்த இசைப் பாகத்தில் நடிகர்களே பாடினார்கள். விபத்தில் சிக்கிய மருத்துவர் ‘காலி’யின் வேடத்தில் நடித்த சாரா ராமிரெஸ், மேடை இசை நாடகத்துக்காக டோனி விருது பெற்றவர். குரலில் அந்தப் பயிற்சி நன்றாகத் தெரியும். 2015இல் முக்கியப் பாத்திரமான மருத்துவர் டெரிக் இறக்கும்போது அதே பாட்டு இன்னும் மெதுவாக வேறொரு குரலில் வருகிறது. முதல் சுரம் கேட்டதுமே பழைய இழப்புகள் எல்லாம் திரண்டு வந்துவிடும்.

நம் தமிழ் நாடகங்களில் நோயாளி கண்மூடினாலே வயலின் அலறத் தொடங்கிவிடுகிறது. இங்குள்ள ‘வசந்தம்’ தொலைக்காட்சியில் ஒரு மருத்துவமனைக் கதை, ஒரே ஒரு நல்ல பாட்டை இப்படிப் பொத்திவைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.