வாசகர் கேள்வி – பதில்: பன்னிரண்டு தோழியருக்கு ஒரு மாலைத் தேநீர்

கேள்வி: கல்லூரியில் என்னுடன் படித்த பன்னிரண்டு தோழியரை அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்திருக்கிறேன். எங்களுடையது இரண்டு படுக்கையறை கொண்ட சிறிய அடுக்குமாடி வீடு. உதவிக்கு ஆள் இல்லை. சென்ற ஆண்டு எட்டுப் பேரை அழைத்தபோது, நான் பஜ்ஜி போட்டு முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இஞ்சி தட்டிப் போட்ட தேநீரும் கடைசி நேரத்தில் திரிந்துபோயிற்று. இம்முறை எப்படிச் சமாளிப்பது? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பஜ்ஜி போட்டு முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள் என்ற வரியைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. எத்தனையோ ஆண்டுகள் கழித்து வந்தவர்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியாமல், எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றுகொண்டே அவர்களை வழியனுப்பி வைப்பது பெரிய இழப்பு. ஆகவே இம்முறை எதைச் செய்வது என்று முடிவெடுக்கும்போதெல்லாம், அது உங்களைக் கூடத்தில் உட்கார விடுமா, அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போகுமா என்ற ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேநீர். வீட்டில் நாலு பேருக்குப் போடுகிற முறையிலேயே, அதாவது பாலும் தண்ணீரும் தூளும் சர்க்கரையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும்படி, பதின்மூன்று பேருக்கும் போட நினைப்பதுதான் சிக்கலுக்குக் காரணம். தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். மாஸ்டர் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சர்க்கரையைப் போட்டு, துணி வடிகட்டியிலிருந்து இறங்கிய டிகாக்‌ஷனை இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாலை அதன்மேல் விட்டு, இரண்டு ஆற்று ஆற்றி, நுரை அடங்குமுன் நீட்டிவிடுகிறார். டிகாக்‌ஷன் தனி, பால் தனி, சர்க்கரை தனி என்பதால்தான், ஒருவர் ஸ்ட்ராங்காகவும் இன்னொருவர் லைட்டாகவும் மூன்றாமவர் சர்க்கரை இல்லாமலும் கேட்டாலும் அவர் தடுமாறுவதில்லை. பெரிய கூட்டத்துக்குத் தேநீர் தருவதில் அவரைவிட நல்ல ஆசான் நமக்குக் கிடைக்கமாட்டார்.

ஆளுக்கு 150 மில்லி என்று வைத்தால், உங்களையும் சேர்த்துப் பதின்மூன்று பேருக்குச் சுமார் 2 லிட்டர் வேண்டும். 1 லிட்டர் தண்ணீரில் தட்டிய இஞ்சியையும் ஏலக்காயையும் போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தூளைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, நான்கைந்து நிமிடம் மூடி வைத்து, பிறகு வடிகட்டி ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். வடிகட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள், தூள் நீரிலேயே கிடந்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறிக்கொண்டே போகும். ஒன்றேகால் லிட்டர் பாலைத் தனியே காய்ச்சி, மிகச் சிறிய தீயில் மூடி வையுங்கள். ஊற்றும்போது ஆடையை வடிகட்டிக்கொள்ளலாம். பாதிப் பேராவது இரண்டாவது முறை கேட்பார்கள். அதற்குப் பழைய தூளை மறுபடி கொதிக்க வைக்காமல், புதிதாக அரை லிட்டர் டிகாக்‌ஷன் இறக்குங்கள்.

சென்ற ஆண்டு தேநீர் திரிந்ததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நன்கு சூடேறாத இஞ்சி பாலில் சேர்ந்தால் அந்த நொதி பாலைத் திரித்துவிடும். சீனாவின் குவாங்தோங் பகுதியில் இஞ்சிச் சாற்றின்மேல் சூடான பாலை ஊற்றி, தயிர்போல உறையவைத்து இனிப்பாகவே சாப்பிடுகிறார்கள் என்றால் அதன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சி தண்ணீரில் முதலிலேயே நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். வெல்லமோ கருப்பட்டியோ போடுவதாக இருந்தாலும், கொதிக்கும் பாலில் போடாமல் இறக்கிய பிறகு கோப்பையில் கலப்பதே பாதுகாப்பு.

பலகாரத்தில் பஜ்ஜியை இந்த ஒரு நாளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆறிய பஜ்ஜிக்குச் சுவை இல்லை. சுடச்சுடத் தரவேண்டுமானால் நீங்கள் சட்டியை விட்டு நகர முடியாது. முதல் நாள் இரவே பட்டாணியை ஊறவைத்தால், மறுநாள் மதியம் வேகவைத்து, மாங்காயும் தேங்காயும் தூவித் தாளித்த சுண்டல் மூன்று மணிக்கெல்லாம் தயாராகிவிடும். புதினா, கொத்தமல்லிச் சட்னி தடவிய சாண்ட்விச்சுக்கு, இரண்டு ரொட்டித் துண்டுகளின் உட்புறத்திலும் முதலில் வெண்ணெய் பூசினால் ஈரம் இறங்காது. அடுக்கிய பின் ஈரத்துணியால் மூடி வைத்தால் ஓரமும் காயாது. தட்டையோ முறுக்கோ கடையில் வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. நீங்கள் இருப்பது கோவை என்பதால், நீலகிரியிலிருந்து வருகிறவர் யாரிடமாவது சொல்லி ஊட்டி வர்க்கி வாங்கி வையுங்கள். தேநீரில் தோய்த்துச் சாப்பிட அதற்கு இணையில்லை. இனிப்புக்குக் கேசரி போதும்.

கேள்வி: நட்சத்திர ஓட்டல்களில் ‘ஹை டீ’ என்று மூன்று அடுக்குத் தட்டில் வைக்கிறார்களே, வீட்டில் அழைக்கும்போதும் அப்படி வைத்தால்தான் மரியாதையா? தேயிலையும் விலை உயர்ந்ததாக வாங்கவேண்டுமா? — வாசகர், மதுரை

பதில்: வேண்டியதில்லை. 1840-களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, மதிய உணவுக்கும் நேரம் கழித்து உண்ணும் இரவு உணவுக்கும் இடையே எழுந்த பசிக்காகத் தோழியருடன் அருந்தியதிலிருந்து பரவியதாகச் சொல்லப்படுவது ‘ஆஃப்டர்நூன் டீ’. நீங்கள் சொல்லும் மூன்று அடுக்குத் தட்டு அதைச் சேர்ந்ததுதான். இங்கிலாந்தில் ‘ஹை டீ’ என்பதோ உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வந்து மேசையில் அமர்ந்து உண்ட மாலைச் சாப்பாடு. நம் நான்கு மணிச் சிற்றுண்டியும் பசியில் பிறந்ததுதான் என்பதால், எவர்சில்வர் தட்டில் வைத்தாலும் மரியாதைக்கு ஒரு குறையும் வராது.

தேயிலையில் விலையைவிட வகையைப் பாருங்கள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் சி.டி.சி. தூள் விரைவில் நிறமும் திடமும் இறங்குவது. பால் சேர்க்கும் தேநீருக்கு அதுவே ஏற்றது, அதற்கு நடுத்தர விலையே போதும். பால் வேண்டாம் என்பவர்களுக்காக, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ‘ஆர்த்தடாக்ஸ்’ இலைத் தேயிலையில் ஒரு சிறு பொட்டலம் வாங்கிவையுங்கள். கொதித்த நீரை இலையின்மேல் ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் மூடிவைத்து வடித்தால், பூவாசம் போன்ற ஒரு மணம் எழும். அதைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்து வீணாக்காதீர்கள். எந்த வகையானாலும் மசாலா டப்பாவுக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது. தேயிலை அடுத்த பொருளின் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: என் தோழியரில் இருவருக்குச் சர்க்கரை நோய்; ஒருவர் இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். கருப்பட்டித் தேநீர் கொடுத்தால் சரியாக இருக்குமா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அது இயற்கையானது என்பதால் அவர்களுக்கு ஏற்றது என்று எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்னபடி இனிப்பைத் தனியே வைத்துவிட்டால், அவரவர் தேவைக்குப் போட்டுக்கொள்வார்கள். எல்லோர் முன்னிலும் ‘எனக்குச் சர்க்கரை வேண்டாம்’ என்று சொல்லவேண்டிய சங்கடமும் அவர்களுக்கு நேராது. கேசரியோடு பேரிக்காய்த் துண்டுகளும் சுண்டலும் இருந்தால் அவர்கள் தட்டு வெறுமையாகத் தெரியாது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைப்பதால், மாத்திரை சாப்பிடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள்.

கேள்வி: கோப்பைகள் போதாது. காகிதக் கோப்பை வாங்கலாமா? — வாசகி, தாம்பரம்

பதில்: பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, கொதிக்கும் தேநீரை அதில் ஊற்றிக் கொடுக்க எனக்கு மனமும் வராது. பக்கத்து வீட்டில் ஆறு டம்ளர் கேட்டு வாங்குங்கள். வேறு வேறு வடிவமாக இருந்தால் எது யாருடையது என்ற குழப்பமும் வராது. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.