ஏற்காடு போர்டிங் பள்ளியில் பையனுக்குப் பெயர் பதிந்துவிட்டால் இடம் உறுதியா?

இல்லை. பதிவு என்பது வரிசையில் துண்டு போடுவது. பள்ளி சேர்க்கைக் கடிதம் கொடுத்து, நீங்கள் கட்டணம் கட்டிய பிறகுதான் இடம்.

காரணம் வகுப்பறை இல்லை, கட்டில். பகல் பள்ளி என்றால் இன்னொரு பெஞ்சைப் போட்டு நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். விடுதியில் ஒரு பையனுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி, இரவில் எட்டிப் பார்க்க ஒரு வார்டன் வேண்டும். யாராவது காலி செய்தால்தான் அடுத்தவர் உள்ளே போக முடியும். ஏற்காட்டில் 1917-லேயே தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற பழைய பள்ளிகள் இருப்பதால் சேலத்துக்காரர்கள் மட்டுமல்ல, வெளியூர்க்காரர்களும் போட்டிக்கு வருவார்கள்.

சேலத்திலிருந்து சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள் (பெயர்தான் ஏற்காடு, மலை ஏறாது). டிக்கெட் கையில் இருக்கும், பெர்த் இருக்காது. ஒரு வித்தியாசம்: ரயிலில் பெர்த் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும். பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள்.

அப்புறம், நேர்காணல். எட்டு வயதுப் பையனிடம் பெரிய கணக்கெல்லாம் எதிர்பார்க்க மாட்டார்கள். அம்மா இல்லாமல் தூங்குவானா, ஷூ லேஸ் கட்டுவானா என்பதும் அவர்களுக்கு முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்து போய் உட்கார்ந்தால் பாவம், வாயே திறக்க மாட்டான். முந்தின நாளே மேலே போய்விடுவது நல்லது.

"பதிந்தாச்சே" என்று பழைய பள்ளியில் டிசி வாங்கிவிடுகிறார்கள் பலர். சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்வரை அதைத் தொட வேண்டாம்.