ரீமேப் செய்த போலோவுக்கு எந்த கிளட்ச்?

கேள்வி: என்னுடையது 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்தபின் டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் இயந்திரம்) 220 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) காட்டியது. இப்போது பைபாஸில் ஆறாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது, வேகம் கூடவில்லை. 'ஸ்டேஜ் 3 செராமிக் கிளட்ச் போட்டுவிடலாம்' என்கிறார் மெக்கானிக். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டி. போடலாமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: செராமிக் வேண்டாம். சிக்னலுக்குச் சிக்னல் ஹாஃப் கிளட்சில் ஊரும் வண்டிக்கு அது சரிவராது. வெடுக்கென்று பிடிக்கும், கிளம்பும்போது வண்டி உதறும், கிளட்ச் பிளேட் உரசும் ஃப்ளைவீல் முகத்தையும் சீக்கிரம் தின்றுவிடும். ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு அது பொருந்தும்.

கிளட்ச் தாங்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, டார்க்கை. உங்கள் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது 175 நியூட்டன் மீட்டர்தான். ரீமேப்பில் கூடிய டார்க், டர்போ விழித்துக்கொள்ளும் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே மொத்தமாக வந்து இறங்கும். உயர்ந்த கியரில் மிதிக்கும்போது முதலில் வழுக்குவது அதனால்தான்.

'ஸ்டேஜ் 1, 2, 3' என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது; ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைப்பது. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று மட்டும் கேளுங்கள். இன்ஜின் டார்க்கைவிட 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக இருந்தால் போதும், உங்களுக்கு 270–280. ஆனால் அந்த 220 சக்கரத்தில் அளந்ததா, இன்ஜினுக்குக் கணக்கிட்டதா என்று டைனோக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தில் அளந்தது என்றால், இன்ஜினில் அது சுமார் 10–15 சதவீதம் கூடுதலாக இருக்கும்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று 400 தாங்கும் கிளட்சை வாங்காதீர்கள். போலோவின் கியர்பாக்ஸ் எம்க்யூ200 குடும்பம்; பெயரிலுள்ள 200, அது எத்தனை நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே அதைத் தாண்டி ஓட்டுகிறீர்கள். கிளட்ச் கொஞ்சமும் வழுக்காவிட்டால் அந்த அடி கியர் பற்களுக்குப் போகும்.

என் தேர்வு: அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் பிளேட் (சாதாரண கார்களில் வரும் வகை), அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும், கொஞ்சம் இறுக்கம் கூட்டிய பிரஷர் பிளேட். பெடல் சற்றே கனக்கும், அவ்வளவுதான். இறுக்கத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால், பெடலை மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும், கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரும் தேயும்.

கியர்பாக்ஸை இறக்கியதும் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். அங்கே கசிவு இருந்தால் புது கிளட்சும் வழுக்கும். ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் இறக்கும் கூலி ஒரே கூலிதான். டூயல் மாஸ் ஃப்ளைவீலாக (நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த இரண்டு துண்டுகள்) இருந்தால் லேத்துக்கு அனுப்பக் கூடாது. ஆட்டம் அளவை மீறியிருந்தால் புதிது போட வேண்டும். மாட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள், டர்போவின் முழு பூஸ்ட் வரும்படி மிதிக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் ரீமேப் செய்த ட்யூனரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். அடி ஆர்பிஎம்மில் டார்க்கை 200-க்குள் அடக்கி, மேல் ஆர்பிஎம்மில் பவரை அப்படியே விட்டுவைக்க முடியும். கம்பெனி கிளட்சில் கொஞ்சம் கூடுதல் தாங்குதிறன் வைத்தே செய்வார்கள். ஆகவே மேப்பை இப்படித் திருத்திவிட்டால், புது ஒரிஜினல் கிளட்சே தாங்க நல்ல வாய்ப்பு உண்டு. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன்.