அப்பாவின் பென்சில் குறிப்புகள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர். போன வருடம் காலமானார். அவர் அலமாரியில் நாற்பது தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. கட்டடப் பொறியியல், முதலுதவி, பயிர்ப் பாதுகாப்பு என்று எல்லாம் 1970களில் வந்தவை. ஊர் நூலகத்தில் கேட்டேன், பழைய பாடநூல்கள் வேண்டாம் என்றார்கள். பழைய பேப்பர் கடைக்குப் போட மனம் வரவில்லை. நான் பாலிடெக்னிக்கில் கட்டடவியல் நடத்துகிறேன். என் மாணவர்களுக்காவது இவை உதவுமா? இன்னொன்று, பல பக்கங்களில் அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

முதலில் ரப்பரைக் கீழே வையுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் புத்தகங்களை அப்படியே நூலக மேசையில் வைக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். பழசு என்பதற்காக அல்ல, அவற்றில் உள்ள எண்களுக்காக. உங்கள் துறையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலப் புத்தகம் எதைத் திறந்தாலும் கூரைக்கு ஒண்ணு ரெண்டு நாலு கலவை என்று இருக்கும். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. இது எம்15 தரக் கலவை; எம் என்பதை அடுத்து வரும் எண் கூடினால் வலிமையும் கூடும். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456இன் 1978 பதிப்பு கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கு அதை அனுமதித்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்தது எம்20 வேண்டும் என்று மாற்றியது. அதாவது ஒன்று, ஒன்றரை, மூன்று. புத்தகத்தை நம்பி ஒருவர் இன்று பழைய கலவையில் தளம் போட்டால், அந்தப் பிழை காங்கிரீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. நில அதிர்வு வரைபடமும் அப்படித்தான். 2002இல் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்குப் போனது.

பயிர்ப் பாதுகாப்புப் புத்தகத்தில் டி.டி.டி., பி.எச்.சி. தூள் என்ற பூச்சிக்கொல்லிகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். வேளாண்மையில் டி.டி.டி. 1989இல் தடை செய்யப்பட்டது, பி.எச்.சி. 1997இல். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. இன்னொரு பக்கம், இன்று மக்காச்சோளக்காரரைத் தூங்கவிடாத படைப்புழு இந்தியாவுக்கு வந்ததே 2018இல். அதைப் பற்றி உங்கள் அலமாரியில் ஒரு வரிகூட இருக்க வழியில்லை.

முதலுதவிப் புத்தகம்தான் எனக்கு மிகவும் பயம் தருவது. பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டு, கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்று என்று எத்தனையோ பழைய நூல்கள் சொல்லின. கண்ணாடி விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமல் போகும். இறுக்கிக் கட்டினால் அந்தக் கையையோ காலையோ இழக்கவும் நேரலாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவதுதான் இன்றைய வழி. அந்த ஒரு புத்தகத்தை யார் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சரி, அப்படியானால் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? சொற்களுக்காக. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்த ஆண்டுகளில் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவந்தபோது, எழுதியவர்கள் பெரும்பாலும் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர்கள். மாணவனுக்குப் புரிய வேண்டும் என்ற கவலை அவர்கள் வாக்கியங்களில் தெரியும். ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவு, ஸ்ட்ரெயினுக்குத் திரிபு, இன்னும் இழுவிசை, அமுக்கவிசை இவையெல்லாம் அங்கே உறுதியாக நிற்கின்றன. சுமை ஏறும்போது பொருளுக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எழும் எதிர்விசைக்கு, தடுத்தல் என்று பொருள்படும் தகைதலிலிருந்து வந்த தகைவு என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். இந்தச் சொற்களுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது வேண்டியிருந்ததும் இவைதான்.

யாழ்ப்பாணத்தை நினைத்துக்கொள்கிறேன். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவ நூலான இரண வைத்தியம் 1867இல் வந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்று 1872இல் தமிழில் வந்தது; ஆங்கில மூலம் வந்து பதினான்கே ஆண்டுகள். தமிழில் சொல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் சரிவராவிட்டால் ஆங்கில ஒலியிலேயே எழுதுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டார். அப்படித்தான் அவருடைய வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வந்தது. ஊர் திரும்பிய பிறகும் அங்கிருந்தே தமிழ் நூல்களில் வேலை செய்துகொண்டிருந்தார்.

கிரேயின் ஆங்கில நூல் 2020இல் 42ஆம் பதிப்பைத் தொட்டது. தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றதோடு தமிழில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது. எனக்குள்ள வருத்தம் இதுதான். தமிழில் துறை நூல்கள் இல்லை என்று புலம்புகிறோம். நூல்கள் எழுதத்தான் பட்டன, திருத்தத்தான் ஆளில்லாமல் போனது. துறை நூலுக்கு முதல் பதிப்பு என்பது பாதி வேலை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேட்டைப் பாருங்கள். 2012இல் ஒன்று, 2020இல் ஒன்று என்று புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள், அதனால்தான் அது இன்றும் வேளாண் அலுவலர்களின் மேசையில் இருக்கிறது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. புத்தகங்களைப் பட்டியலிட்டுத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் எவை ஏற்கெனவே இருக்கின்றன என்று பாருங்கள். இல்லாதவற்றை ஸ்கேன் செய்யக் கொடுங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். மாணவர்களுக்குக் கட்டடப் புத்தகத்தைக் கொடுப்பதென்றால், எந்தப் பக்கத்தில் எந்த எண் மாறியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டிக் கொடுங்கள். ஒரே புத்தகத்துக்குச் செய்தாலும் போதும். வகுப்பிலேயே செய்யலாம், பழைய பக்கத்தையும் இன்றைய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதைவிட அந்தப் பையன்களுக்கு நல்ல பாடம் வேறில்லை.

பென்சில் குறிப்புகளுக்கு வருகிறேன். ஓவர்சீயர் ஒருவர் கட்டடப் புத்தகத்தின் ஓரத்தில் சும்மா எழுதியிருக்க மாட்டார். விதி மாறியதைக் குறித்திருப்பார், அல்லது வேலையிடத்தில் பார்த்ததும் புத்தகம் சொன்னதும் ஒத்துப்போகாத இடத்தை. நான் கேட்ட திருத்தப் பதிப்பின் வேலையை உங்கள் அப்பா தனியாக உட்கார்ந்து தொடங்கியிருக்கிறார். கலவைப் பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்பவர்களிடம் வண்ணத்தில் செய்யச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் விழாமல் போகலாம்.